அட்டையின் பின்புறம் இருக்கும் பெயர்

முத்தலங்குளத்தில் மனச்சோர்வு மாத்திரையை எந்தக் கம்பெனி செய்தாலும் மருந்து ஒன்றுதான். அதனால் வரும் நிம்மதிதான் வேறு வேறு ஆட்களுடையது.

அந்த மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பெனி பதினெட்டு ஆண்டுகள் உழைத்து, யாருடையதும் அல்லாத ஒரு நிம்மதியைத் தயாரித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு அவரவர் நிம்மதியே கிடைத்தது. பின்னால் வந்த கம்பெனிகளுக்கு அத்தனை பொறுமை இல்லை. அவை ஆளுக்கொருவரைத் தேடிப் பிடித்து, அவர் வாழ்நாளில் அடைந்த நிம்மதிகளுள் பெரியதைப் பெற்று, மருந்தோடு சேர்த்து இடித்து மாத்திரையாக்கின. சட்டம் அதற்கு இடம் தந்தது. நிம்மதி தந்தவரின் பெயரையும் தொழிலையும் அட்டையின் பின்புறத்தில், தயாரித்த தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் நடுவே, அச்சிட்டாக வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஊரில் பெரும்பாலோர் இவற்றைத்தான் வாங்கினார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

ஞானப்பூ மட்டும் ஏழு ஆண்டுகளாக முதல் கம்பெனியின் மாத்திரையையே போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. தபால் நிலையத்தில் பதிவுத் தபால் பார்க்கிறவள். அந்த மாத்திரைக்கு முன் பதினோரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அந்தப் பதினோரு மாதமும் அவளுடைய கணவர் தங்கையா, அரசுப் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, மூன்று வேளையும் கரண்டியால் கஞ்சி ஊட்டினார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். அதைப் பற்றிப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. மாத்திரையைப் பத்து நாள் விட்டால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் விட்டதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு மாலை, மருந்துக் கடைக்காரர் சித்திரைலிங்கம் அவளுடைய சீட்டைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, அந்தக் கம்பெனிக்காரன் இனிமே அனுப்பமாட்டானாம்."

"ஏனாம்?"

"யாரோடதும் இல்லாத நிம்மதிக்கு யாரு பொறுப்புன்னு மேலிடத்துல கேட்டிருக்காங்க. கையெழுத்துப் போட ஆள் இல்ல. மூடிட்டான்."

ஞானப்பூ கைப்பையைத் திறந்து பார்த்தாள். அட்டையில் ஐந்து மாத்திரை இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்" என்றார் சித்திரைலிங்கம். "அதுக்குள்ள ஒண்ணத் தேர்ந்துக்கிடுங்க. மருந்து எல்லாத்துலயும் அதே மருந்துதான்."

கண்ணாடிப் பலகையின்மேல் நான்கு அட்டைகளை வரிசையாக வைத்தார். தங்கையா குடையைக் கையில் பிடித்தபடி அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் மருந்து வாங்கப் போகும் இடமெல்லாம் அவரும் போவது வழக்கம்; பேசுவது வழக்கமில்லை.

"இது ரயில்வே கேட் கீப்பர். ஏதாவது கடந்து போனாத்தான் நிம்மதி வரும். இது மாவு ஆட்டி விக்கிற ஒரு அம்மா. பானை காலியானா வரும். இது கணக்கு வாத்தியாரு. அடுத்தவன் தப்பக் கண்டுபிடிச்சா வரும். இத உங்களுக்குத் தரமாட்டேன். எங்க மாமனாரு போடுதாரு. வீட்ல ஒருத்தர் வாயத் தொறக்க முடியல, கொட்டாவி விட்டாக்கூட தப்பா விடுதிய-ங்காரு."

"நாலாவது?"

சித்திரைலிங்கம் அட்டையைத் திருப்பிக் காட்டினார். 'பெயர் வெளியிட விரும்பாதவர். மனைவியை இழந்தவர்' என்று அச்சிட்டிருந்தது.

"இதுதான் அதிகமாப் போவுது" என்றார், யாரையும் பார்க்காமல்.

தங்கையா தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானப்பூ கேட் கீப்பரைச் சொன்னாள். ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இரண்டு மாத்திரை போதும் என்று சித்திரைலிங்கமே சொல்லி, அட்டையின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காகித உறையில் போட்டு, மேலே 1-0-0 என்று எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்குள் ஒரு கேட் இறங்கி மூடிக்கொண்டது. எந்த நினைவும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஏதாவது நீளமாகக் கடந்தால்தான் திறக்கும் என்பது தெரிந்ததுதான். தபால் நிலையத்து வாசலில் நின்று பார்த்தாள். இரண்டு லாரியும் ஒரு தண்ணீர் வண்டியும் போயின. கேட் அசையவில்லை.

பக்கத்து வீட்டு ராசக்கனி மூன்று ஆண்டுகளாக இதே கம்பெனியைப் போட்டு வருகிறவள். மதிய இடைவேளையில் அவள்தான் ஞானப்பூவை ரயில்வே கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"லாரியெல்லாம் எந்த மூலைக்குக்கா? ஊர்வலமாவது வேணும். நல்ல பெரிய சாவா இருந்தா ரெண்டு நாளைக்குத் தாங்கும். நேத்து ஒரு சாவு வந்துச்சு, நாலே பேரு. பாடை எடுக்கும்போதே முடிஞ்சிபோச்சு."

அங்கே முப்பது நாற்பது பேர் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டிகளோடு சரக்கு ரயில் ஒன்று போனது. கடைசிப் பெட்டி கடந்ததும் வரிசை முழுவதும் ஒரே மூச்சாக மூச்சுவிட்டது. ஞானப்பூவுக்கும் நிம்மதி வந்தது. கட்டுறுதியான, அரசாங்க நிம்மதி. முக்கால் மணி நேரத்தில் கேட் மறுபடி மூடியது. மறுநாள் சரக்கு ரயில் ரத்து. பதிவுத் தபால் கொடுக்க வந்தவர்களை அவள் தன் மேசைக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நடந்து போகச் சொன்னாள். அவர்கள் நடந்தார்கள், ஆனால் நீளம் போதவில்லை.

புதனும் வியாழனும் மாவு விற்கும் அம்மாவுடைய மாத்திரையைப் போட்டாள். அந்த அம்மாவுக்குப் பானை காலியாகி, கவிழ்த்து வைத்த பிறகே உட்காரத் தோன்றும் போலும். ஞானப்பூ அரிசிப் பானையைக் காலி செய்தாள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டாள். முத்திரை மை தீரும் வரை தபால்களில் முத்திரை குத்தினாள். தீர்ந்ததும் ஒரு கணம் குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவைத் தட்டிக் கொட்டினாள். சர்க்கரை டப்பாவை மட்டும் தங்கையா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதக் குடுங்க."

"இது காலியில்லன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் அவர்.

ஏழு ஆண்டுகளில் அவர் செய்த பரிகாசங்களுள் அதுவும் ஒன்று. அவள் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வியாழன் மாலை மீண்டும் கடைக்குப் போனாள். அன்று தங்கையா, காலியான தொட்டியை நிரப்புவதற்காக வீட்டில் இருந்துவிட்டார். சித்திரைலிங்கம் மோவாயைத் தடவினார்.

"இன்னொண்ணு இருக்கு. ஏழு வருசமா வந்துக்கிட்டுதான் இருக்கு. நம்மூர்ல யாரும் கேக்கல, அதனால உள்ள வச்சிருந்தேன். நிவந்தா லேப்ஸ்."

அந்தப் பெயர் ஞானப்பூவுக்குத் தெரியும். அவள் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில், பன்னிரண்டுக்குக் கீழே, நீல எழுத்தில் அதுதான் எழுதியிருந்தது. மருந்துக் கம்பெனியின் கடிகாரம் ஓட்டுநர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்தவளுக்கு அன்று கடிகாரம் ஒரு பொருட்டல்ல.

சித்திரைலிங்கம் பழக்கப்படி இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்து அட்டையைத் திருப்பினாள். கத்தரிக்கோல் போன வழி போக, பின்புறத்தில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: 'ங்கையா, அரசுப் பேருந்து ஓட்'.

தங்கையா தொட்டியை நிரப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க."

"ம்."

"இந்தக் கடிகாரம் ஏது?"

"ஒருத்தரு குடுத்தாரு."

"எதுக்கு?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது மனிதர்கள் விடும் பெருமூச்சை அவர் விடவில்லை. அவர் அதை விட்டு நெடுநாளாயிற்று என்பது அவளுக்கு அப்போதுதான் தென்பட்டது.

நடந்தது இதுதான். அவள் படுத்திருந்த காலத்தின் கடைசி நான்கு மாதமும் நிவந்தா லேப்ஸின் பிரதிநிதி ஒருவர் தோல் பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நல்ல நிம்மதி விளையக்கூடிய வீடு என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நிம்மதி பதநீரைப் போன்றது. வெயில் ஏறுவதற்குமுன் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப் போகும். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் எழுந்து காப்பி கேட்ட குரல் வாசலுக்குக் கேட்டதும் அவர் உள்ளே வந்து பையைத் திறந்தார்.

"ஒன்ன மாதிரி எத்தனையோ பேரு படுத்துக் கெடக்காங்கன்னு சொன்னாரு" என்றார் தங்கையா. "எனக்கு அத வச்சிக்கிட்டு என்ன செய்ய? நீதான் எந்திச்சிட்டியே."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"நீ காப்பி கேட்ட. பால் பொங்கிக்கிட்டிருந்துச்சு. அவரு கையெழுத்து கேட்டாரு."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குத்தான் கடிகாரம் இருக்கே."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு சமைத்தாள்; இருவரும் சாப்பிட்டார்கள். அவளுக்கு ஒத்துவரும் வேறு மாத்திரை ஊரில் இல்லை என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் கணவருடைய மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். ஒன்றும் நேரவில்லை. நிம்மதி வந்து வாசலில் நின்றது. உள்ளே வருவதற்கு அதற்கு ஒரு காரியம் வேண்டியிருந்தது. என்ன காரியம் என்று அதைத் தந்தவருக்குத் தெரியாமல் போகுமா? தங்கையா பல் துலக்கி முடித்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"கஞ்சி கொண்டா" என்றார் சுவரிடம்.

அவள் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து கரண்டியால் ஊட்டினாள். ஏழாவது கரண்டிக்குப் பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏ பூ, காப்பி இருக்கா?"

நிம்மதி உள்ளே வந்தது. அது பெரியது, அவளுடைய அளவுக்குத் தைத்ததல்ல. தோளில் தளர்ந்து தொங்கியது. டீசல் வாடை அடித்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு மாதம் எவ்வளவு நீளம் என்பதை, அதன் மறுகரையில் நின்று, அவள் அன்றைக்குத்தான் அளந்து பார்த்தாள். பிறகு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று நாற்பத்திரண்டு பதிவுத் தபால். ஒன்றிலும் பிழை இல்லை.

சனிக்கிழமை முழு அட்டையாக வாங்கினாள்.

"ஒத்துக்கிட்டுதாக்கா?" என்றார் சித்திரைலிங்கம்.

"ஒத்துக்கிட்டுது."

"அத்தானுக்கு?"

"எனக்கு என்ன கஷ்டம்" என்றார் தங்கையா. "படுக்கத்தானே சொல்லுதாங்க."

அதன்பின் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு அவர் படுத்தார். ஏழு இருபதுக்கு எழுந்தார். பிறகு ஏழு நாற்பதானது. பிறகு எட்டேகால். ஏழாவது கரண்டிக்கு எழுந்தவர் பதினைந்தாவது கரண்டிக்கு எழுந்தார். ஞானப்பூ இதைக் கவனித்தாள். அந்தத் துறையில் அவளுக்கு அனுபவம் உண்டு. படுத்தவர்கள் தாமாக எழுவதில்லை, உள்ளே ஏதோ ஒன்றுதான் எழுப்பிவிடுகிறது. அந்த ஒன்றைத்தான் அவர் தோல் பையில் போட்டு அனுப்பியிருந்தார். இப்போது அது அவளுடைய வயிற்றில் இருந்தது.

எட்டாம் நாள் அவர் ஒன்பதரைக்கு எழுந்தார். அவள் தாமதமாகப் போய், பதிவேட்டில் சிவப்பு மையால் கையெழுத்திட்டாள்.

"நாளையிலிருந்து நான் மாத்திரைய நிறுத்திடுதேன்" என்றாள் அன்று மாலை.

"நிறுத்துனா நீ படுத்துருவ."

"இப்ப நீங்க படுத்துக் கெடக்கியளே."

"நான் சும்மா படுத்திருக்கேன். நீ படுத்தா நெசமாப் படுப்ப."

ஞாயிற்றுக்கிழமை சித்திரைலிங்கம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கே வந்தார். தங்கையா அன்று மதியம் வரை எழவில்லை. மூன்று மணிக்குத்தான் எழுந்து காப்பி கேட்டிருந்தார். டாக்டர் இப்போது அவருக்கும் அதே மருந்தை எழுதிவிட்டார். சித்திரைலிங்கம் அட்டைகளைக் கட்டிலில் பரப்பினார். கேட் கீப்பர் ஆகாது, ரயில்வே கேட் வரைக்கும் நடக்க வேண்டும். மாவு அம்மாவும் ஆகாது. வீட்டில் இனிக் காலி செய்ய ஒன்றும் இல்லை. கணக்கு வாத்தியார் வேண்டாம் என்று ஞானப்பூவே சொல்லிவிட்டாள். தங்கையாவின் நிம்மதியை அவருக்கே கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, கொடுத்தது கொடுத்ததுதான்.

மிஞ்சியது நான்காவது அட்டை. தங்கையா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுக்கு நீ சாவணும்லா" என்றார் மனைவியிடம்.

"ஆமா."

"அப்ப வேண்டாம்" என்று சித்திரைலிங்கத்திடம் திருப்பிக் கொடுத்தார். "நல்லாப் போவுதுன்னு சொன்னீரே. வாங்குதவனுக்குக் குடும்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவர் படுத்தார். கட்டாயம் எழுந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார். எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஞானப்பூ அலுவலகத்துக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். முப்பதாவது கரண்டியும் முடிந்தது. அவர் ஒவ்வொன்றையும் அடக்கமாக விழுங்கினார். சில கரண்டிகள் கடைவாயில் வழிந்து கட்டில் சட்டத்தில் சிந்தின. அவள் வாயை மட்டும் துடைத்துவிட்டாள். சட்டத்தைத் துடைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"என்னங்க. எந்திக்கியளா?"

"எந்திக்கேன். கொஞ்சம் பொறு."

"அவசரம் ஒண்ணும் இல்ல."

அது பொய். மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நிம்மதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அவளுடைய தலை தானாகவே தலையணை இருந்த பக்கம் சாய்ந்தது. கட்டிலில் அவருக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்க இடம் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டாவது முறையாகக் கஞ்சி வைத்தாள். ஊட்டிக்கொண்டே, முந்தைய வாரம் வந்த பதிவுத் தபால்களை அனுப்பியவர் பெயரோடும் ஊரோடும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முன்பு அவர் திருச்செந்தூர் வழித்தடத்தின் நிறுத்தங்களை இதே போல அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது அவளுக்கு அவை காதில் விழுந்தன என்பதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"எல்லாமா?" என்றார் தங்கையா சுவரைப் பார்த்தபடி.

"எல்லாம். ஒரு ஸ்டாப்ப விட்டுட்டிய. தெனமும் அதே ஸ்டாப்ப விட்டுட்டிய."

"அங்க யாரும் ஏற மாட்டாங்க."

அவர் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. எழவும் இல்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கட்டில் எழுந்து உட்கார்ந்தது.

அவர்களுடைய கல்யாணத்துக்கு வாங்கிய தேக்குக் கட்டில் அது. முப்பத்தோராண்டுகளாகப் படுத்தே கிடந்தது. பதினோரு மாதமும் பத்துப் பன்னிரண்டு நாளும் சிந்திய கஞ்சியெல்லாம் அதற்குத்தான் போயிருந்தது. முன்கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றி, தங்கையா சரிந்து விழாமல் அவரை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காப்பி இருக்கிறதா என்று கேட்டது.

நிம்மதி உள்ளே வந்தது. ஞானப்பூ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அது வந்து முடியும் வரை நின்றாள். முப்பத்தோராண்டு நிம்மதி; வந்து முடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள்.

"சர்க்கரை எவ்வளவு?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

வேண்டாம் என்றது கட்டில்.

"எனக்குப் போடு" என்றார் தங்கையா, அதன் மடியில் இருந்தபடியே. "அரை டம்ளர் போதும்."

அவருக்குக் குடிக்க வசதியாக இருக்கட்டும் என்று கட்டில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.